பாட்டுக்கு ஜாதகம் பார்க்கும் கூட்டம்

"எட்டாம் நம்பர் ஓடிட்டிருக்கா? அப்போ அடுத்தது ஏழு, எட்டு, ஒன்பது, இந்த மூணுக்குள்ளதான் எடுக்கணும். மூணாம் நம்பர் பக்கமே போகாதீங்க. ஆகவே ஆகாது."

இதைச் சொல்றது கோயில் வாசல்ல உட்கார்ந்திருக்கிற ஜோசியர் இல்லை மக்களே. டிஜேக்கள். கையில் லேப்டாப், கழுத்தில் ஹெட்போன், எதிரே ரெண்டு டெக். பாட்டைக் கேட்டுப் பார்த்து அடுத்த பாட்டை எடுக்க வேண்டியவங்க, கட்டத்தைப் பார்த்துப் பொருத்தம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. ரொம்ப நாளா அடக்கி வெச்சிருந்தேன். இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி, அதனால கொட்டிடறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டான்ஸ் மியூசிக்ல ஒரு பாட்டு முடிஞ்சு, கைத்தட்டு வாங்கி, அடுத்த பாட்டு ஆரம்பிக்கிற கதையே கிடையாது. முதல் பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டாவதை அதுமேல ஏத்தணும். ஆடுறவன் கால் நிக்கக்கூடாது. இதுக்கு முதல்ல ரெண்டு பாட்டோட வேகமும் ஒண்ணா இருக்கணும். 1960-களின் கடைசியில் நியூயார்க்கில் ஃபிரான்சிஸ் கிராஸோ என்பவர் இதைக் கையாலேயே செஞ்சு காட்டினார். அதுதான் இன்னிக்கு வரைக்கும் அடிப்படை. வேகம் ஒத்துப்போகலேன்னா என்ன ஆகும்? ஒரு பாட்டு நிமிஷத்துக்கு 128 அடி, இன்னொண்ணு 128.1 அடின்னு வெச்சுக்கோங்க. ஒரே நிமிஷத்துல 47 மில்லி செகண்ட் விலகிடும். 'டும்'னு கேக்க வேண்டியது 'ட-டும்'னு கேக்கும். குதிரை நொண்டுற மாதிரி. யாருக்கும் பயிற்சி தேவையில்லை, தெருவுல போறவனுக்கும் தெரிஞ்சிடும்.

வேகத்தைப் பத்தி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சண்டை சுருதியில.

மேற்கத்திய இசையில் மொத்தம் 24 கீ: பன்னிரண்டு மேஜர், பன்னிரண்டு மைனர். எது எதுக்குப் பக்கத்து வீடுன்னு சொல்ல ஐந்தாம் சுர வட்டம்னு ஒண்ணு ரொம்பக் காலமா இருக்கு. அதை மார்க் டேவிஸ் என்பவர் கடிகாரம் மாதிரி 1-லிருந்து 12 வரை எண் போட்டு, மைனருக்கு 'ஏ', மேஜருக்கு 'பி'ன்னு எழுத்தும் சேர்த்து சுலபமாக்கினார். கேம்லாட் சக்கரம்னு பேரு. ஏ மைனர் = 8ஏ, சி மேஜர் = 8பி. கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரியில சொல்லிடலாம்: 8பி-லிருந்து 8ஏ-வுக்குப் போறதுங்கறது சங்கராபரணத்துல தைவதத்தை ஆதார சட்ஜமா வெச்சு கிரக பேதம் பண்ணி நடபைரவிக்குப் போறதுதான். அதே ஏழு சுரம், வீடு மட்டும் வேற. பக்கத்து எண்ணுக்குப் போனா ஏழுல ஆறு சுரம் பொது. 2006-ல் மிக்ஸ்ட் இன் கீ மென்பொருள் வந்தது. பாட்டை உள்ளே போட்டால் எண்ணை வெளியே துப்பும். அப்புறம் எல்லா டிஜே மென்பொருளும் அதையே செய்ய ஆரம்பிச்சு, பொருந்துற பாட்டுக்குப் பச்சை விளக்கு காட்டுற வரைக்கும் வந்தாச்சு.

நல்ல கண்டுபிடிப்பு. நானே ச ரி க ம ஒழுங்கா படிக்காதவன், நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டுப் பொட்டி தட்டுறவன். இந்த எண் இல்லேன்னா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். ஆனா வழிகாட்டிப் பலகையை எடுத்து மூலஸ்தானத்துல வெச்சுக் கற்பூரம் காட்டினா எப்படி?

சரி, அந்த எண் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். இது நம்ம தொழில், அதனால கொஞ்சம் விரிவா. மென்பொருள் பாட்டைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் போட்டு, எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தின்னு கணக்கெடுக்கும். அதைப் பன்னிரண்டு டப்பாவுல கொட்டும், ஒரு சுரத்துக்கு ஒரு டப்பா. எல்லாத் துண்டையும் கூட்டினா பாட்டு முழுசுக்கும் பன்னிரண்டு எண்கள். ஏற்கெனவே கைவசம் 24 அச்சு இருக்கும், ஒரு கீ-க்கு ஒண்ணு. நம்ம பன்னிரண்டு எண்ணும் எந்த அச்சோட அதிகமா ஒத்துப்போகுதோ அதுதான் விடை. அந்த அச்சு எங்கிருந்து வந்தது? இந்தத் துறையில ரொம்பப் பேர் தொடங்கின இடம், 1982-ல் கிரம்ஹான்ஸலும் கெஸ்லரும் மேற்கத்திய இசை பழகின ஆட்களை உட்கார வெச்சு, எந்தச் சுரம் எந்த அளவுக்குப் பொருந்துதுன்னு மார்க் போடச் சொன்ன ஆய்வு. அது டெக்னோவுக்காகச் செஞ்ச ஆய்வு இல்லை.

இதுல ரெண்டு ஓட்டை. முதல் ஓட்டை, 24 பேர்ல யாரு முதல் ரேங்க்னு மட்டும்தான் பார்க்கறாங்க. 35 மார்க் பாஸ் மார்க்குன்னு ஒண்ணு கிடையாது. எல்லாப் பயலும் ஃபெயில் ஆனாலும் அதுல 12 மார்க் எடுத்தவன் தங்க மெடலோட மேடையில நிப்பான். 1993-ல் ரிச்சி ஹாட்டின், பிளாஸ்டிக்மேன் என்கிற பேர்ல 'ஸ்பாஸ்டிக்'னு ஒரு பாட்டு போட்டார். கிட்டத்தட்ட முழுக்க முழுக்க டிரம் மெஷின். மெட்டும் கிடையாது, கார்டும் கிடையாது. கொட்டு, கொட்டு, கொட்டு. அதை மென்பொருள்ல போட்டா "தெரியலப்பா"ன்னு சொல்லாது. கம்பீரமா ஒரு எண் கொடுக்கும். நம்ம ஆளுங்க அந்த எண்ணுக்குப் பக்கத்து எண் தேடுவாங்க. தவில் தனிக்கு என்ன ராகம்னு கேட்டு, பதிலும் வாங்கி, அதுக்கு ஜோடியும் சேர்க்கிற கதை இது.

ரெண்டாவது ஓட்டை நமக்கு ரொம்ப நெருக்கமானது. மேஜர், மைனர்னு ரெண்டே சாதி அச்சுதான் இருக்கு. அதாவது உலகத்துல சங்கராபரணமும், ஏறக்குறைய நடபைரவியும் மட்டும்தான் உண்டு. ஆனா சைட்ரான்ஸ் கேட்டவங்களுக்குத் தெரியும், அங்க ஃபிரிஜியன்தான் ராஜா. ஃபிரிஜியன்னா நம்ம தோடி. கோவா கடற்கரையில வளர்ந்த இசைக்குத் தோடி பிடிச்சதுல ஆச்சரியம் என்ன? ஃபிரிஜியன் டாமினன்ட்டும் ஏராளம், அது நம்ம வகுளாபரணம். இப்போ 'ஏ'-யை ஆதாரமா வெச்சு ஒரு தோடி பாட்டு வந்தா அதோட ஏழு சுரமும் டி மைனரோட ஏழு சுரமும் ஒண்ணு. மென்பொருள் பாவம் என்ன பண்ணும்? ஒருத்தரோட மென்பொருள் 7ஏ-ங்கும், இன்னொருத்தரோடது 8ஏ-ங்கும். ஒரே கோப்புக்கு ரெண்டு ஜாதகம். எதை வெச்சுக் கல்யாணம் பண்றது?

இப்போ வேகத்தையும் இதோட சேர்த்துப் பாருங்க, கூத்து இன்னும் அதிகம். இசைத்தட்டு காலத்தில் வேகத்தைக் கூட்டினா சுருதியும் கூடவே ஏறும். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே.2, 1979-ல் வந்த டர்ன்டேபிள், வேகத்தை 8 சதவீதம் வரைக்கும் ஏத்தி இறக்கலாம். அரைக் கட்டை ஏறுறதுக்கு வேண்டியது ஏறத்தாழ 5.95 சதவீதம். 120-ல் இருக்கும் ஏ மைனர் பாட்டை 127-க்குத் தள்ளினா அது ஏ மைனர் இல்லை, பி ஃபிளாட் மைனர். 8ஏ போய் 3ஏ ஆயிடுச்சு! அதைவிட மோசம் பாதி வழியில நிக்கிறது. 130-ல் இருக்கும் 8ஏ பாட்டை 126-க்கு இறக்கி, 126-லயே இருக்கிற இன்னொரு 8ஏ பாட்டோட சேர்க்கறோம்னு வைங்க. கட்டத்துல ரெண்டும் 8ஏ, பொருத்தம் அமோகம். ஆனா இறங்கின பாட்டு பாதி சுரத்துக்கும் கொஞ்சம் அதிகமாவே கீழ போயிருக்கும். அது எந்தக் கீயிலயும் இல்லை. ரெண்டு சுரத்துக்கு நடுவுல திரிசங்கு மாதிரி தொங்குது. சேர்த்துப் போட்டா பல் கூசும்.

"அதுக்குத்தான் கீ லாக் இருக்கே பாஸ்"னு சொல்வீங்க. இருக்கு. வேகத்தை மாத்தினாலும் சுருதியைப் பிடிச்சு நிறுத்தும். மூணு சதவீதம் வரைக்கும் பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது. அதுக்கு மேல போகப் போக டிரம் அடியோட முனை மழுங்கும், நல்ல சவுண்ட் சிஸ்டத்துல சொத்துன்னு கேக்கும். அதையும் காதால கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும், அதுக்குப் பச்சை விளக்கு யாரும் இன்னும் போடலை.

இது எல்லாத்தையும் விடுங்க. எண் சரி, மென்பொருள் சரி, சுருதி சரி, எல்லாம் சரின்னே வெச்சுப்போம். அப்பவும் இந்த ஜாதகம் செல்லாது. ஏன்னா கீ வேற, கார்டு வேற. ஒரு பாட்டு ஏ மைனர்ல, நாலு நாலு பாருக்கு ஒரு தடவை ஏ மைனர், எஃப், சி, ஜின்னு சுத்துது. இன்னொண்ணும் ஏ மைனர்தான், ஆனா அது ஜியில ஆரம்பிச்சுச் சுத்துது. மேல மேல வெச்சா, ஒருத்தன் ஏ மைனர் வாசிக்கும்போது இன்னொருத்தன் ஜி வாசிப்பான். ஆறு சுரம் தோளோடு தோள் இடிச்சிட்டு நிக்கும். 8ஏ-வுக்கு 8ஏ! உத்தமமான பொருத்தம்! மண்டபத்துல ரெண்டு வீட்டுக்காரனும் அடிச்சிக்கிறான்.

பேஸ் கதையும் இதேதான். ஏ சுரத்துல பேஸ் 55 ஹெர்ட்ஸ், அதுக்கு அரைக் கட்டை மேல 58.27. ரெண்டையும் சேர்த்து விட்டா செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல விம்மி விம்மி அடங்கும், வயித்தைப் பிசையும். ரெண்டுமே 55-ஆ இருந்தா தப்பிச்சோமா? அதுவும் இல்லை. ஒண்ணோட அலை மேல போகும்போது இன்னொண்ணு கீழ போனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும், பேஸே காணாமப் போகும். அதனாலதான் புத்தியுள்ளவன் ஒரு பாட்டோட லோ-வை இறக்கிட்டு இன்னொண்ணோட லோ-வை ஏத்துறான். ஒரு நேரத்துல ஒரு பேஸ். இதைச் செஞ்சாலே கீ மோதல்ல பெரிய பங்கு அங்கேயே செத்துடும். எண் எதுவா இருந்தாலும்.

இவ்வளவு கோபம் ஏன்னு கேப்பீங்க. சொல்றேன்.

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு நண்பன். ஒரு வருஷம் காசு சேர்த்து கன்ட்ரோலர் வாங்கினான். சனி, ஞாயிறுன்னா ஒரு டிஜே வகுப்புக்குப் போனான். (பேரெல்லாம் வேணாம்.) கடைசியில பரீட்சை, இருபது நிமிஷம் வாசிக்கணும். நடுவுல ஒரு இடத்துல 8ஏ-லிருந்து 3ஏ-வுக்குப் போயிருக்கான். ரூம்ல இருந்த பத்துப் பன்னிரண்டு பேர்ல பாதிப் பேர் அந்த இடத்துல "ஓ"ன்னு கத்தினாங்களாம். வாத்தியார் யாரையும் பார்க்கலை. ஸ்கிரீனைப் பார்த்தார். சிவப்பு. "கீ கிளாஷ். அடிப்படையே தெரியலை"ன்னு எழுதிக் கொடுத்துட்டார்.

அந்தப் பதிவை நான் நாலு தடவை கேட்டேன். ரெண்டு பாட்டும் 126. முதல் பாட்டோட கடைசி 32 பார், கிட்டத்தட்ட ஒரு நிமிஷம், வெறும் கிக், கிளாப், ஹை-ஹாட். சுரம்னு ஒண்ணு கூட இல்லை. அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள பழைய லோ-வை இறக்கி, கணக்கா 32-வது பார் முடிஞ்ச அடியில புதுப் பாட்டோட பேஸை இறக்கியிருக்கான். எந்தச் சுரமும் எந்தச் சுரத்தோடயும் ஒரு நொடி கூட ஒண்ணா ஒலிக்கலை. எதிர்ல வண்டியே வரலை, ஆக்சிடென்ட்னு கேஸ் எழுதியிருக்காங்க! அதுமட்டுமில்ல, 8ஏ-லிருந்து 3ஏ-ங்கறது அரைக் கட்டை ஏத்தம். கச்சேரி மேடையில கடைசிச் சரணத்தை அரைக் கட்டை ஏத்திப் பாடினா கூட்டம் ஏன் நிமிர்ந்து உட்காருதோ, அதுக்காகத்தான் அந்தப் பசங்களும் கத்தியிருக்காங்க. அவன் காது சரியான வேலையைச் செஞ்சிருக்கு.

இப்போ அவன் கன்ட்ரோலரை விக்கிறதுக்குப் படம் எடுத்து வெச்சிருக்கான். "எனக்கு மியூசிக் சென்ஸ் இல்லடா மச்சி"ங்கறான். எரிச்சலா வருதா இல்லையா?

அந்த வாத்தியார் தனி ஆள் இல்லை. அவர் ஒரு கூட்டத்தோட பிரதிநிதி. அவங்க விதிப்படி ஒரு பாட்டுக்குப் பொருந்துறது அதே எண், முன் எண், பின் எண், எழுத்து மாறின எண். 24-ல் நாலு. கையில 600 பாட்டு எல்லாக் கீயிலயும் சமமாப் பரவி இருந்தா, எந்த நேரத்திலும் 500 பாட்டு தள்ளுபடி. வேகம் ஒத்துவராததை அதுக்கு மேல கழிச்சுக்கோங்க. நீங்க ஆசை ஆசையா தேடி வாங்கின பாட்டு, எண் வரலேங்கற ஒரே காரணத்துக்காக ராத்திரி பூரா வாசல்லயே நிக்கும். சரி, மிச்சத்தை வெச்சு 8, 8, 9, 9, 8-ன்னு ஒரு மணி நேரம் ஓட்டினா எப்படி இருக்கும்? ஏ.சி. பஸ்ல தூங்கிட்டுப் போற மாதிரி. எதுவும் இடிக்காது. எதுவும் நடக்கவும் நடக்காது.

1995 அக்டோபர்ல டோக்கியோ ஷின்ஜுகுவில் லிக்விட் ரூம்னு ஒரு கிளப்ல ஜெஃப் மில்ஸ் வாசிச்சதை 1996-ல் வெளியிட்டாங்க. டெட்ராய்ட் ஆளு. மூணு டர்ன்டேபிள், பல தட்டுக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் ஆயுசு, ஒண்ணைப் பிடுங்கி ஒண்ணைச் சொருகிக்கிட்டே இருப்பார். கீ லாக் கிடையாது, வேகத்தை நகர்த்த நகர்த்த ஒவ்வொரு தட்டோட சுருதியும் எங்கெங்கேயோ போகும். எண் ஒட்டிப் பார்த்தா ஸ்கிரீன் பூராச் சிவப்பு அம்மைதான் போட்டிருக்கும். முப்பது வருஷம் ஆச்சு, டெக்னோ பழகுற எவனும் இன்னிக்கும் அதைக் கேக்காம தாண்டுறதில்லை. மேற்படி வகுப்புல சேர்ந்திருந்தா மில்ஸும் ஃபெயில்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கு, மறைக்கலை. ஒரு பாட்டோட நீளமான பேட் இழையுது, அதுமேல இன்னொரு பாட்டோட பெண் குரல் வருது, ரெண்டும் ரெண்டு நிமிஷம் சேர்ந்தே ஓடணும். அப்போ கீ பொருந்தலேன்னா நாராசம், சந்தேகமே இல்லை. புரோக்ரெஸிவ் ஹவுஸ், டிரான்ஸ் ஆட்களுக்கு இது தினப்படி சோறு. சாஷாவும் ஜான் டிக்வீடும் 1996-ல் போட்ட 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' கேட்டுப் பாருங்க, எது எங்க முடிஞ்சு எது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாம வழுக்கிட்டுப் போகும். ஆனா கவனிங்க, மிக்ஸ்ட் இன் கீ வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடி! பச்சை விளக்கு எரிஞ்சதால அது இனிக்கலை. எந்த ரெண்டு பாட்டைச் சேர்க்கணும்னு முதல்ல காது முடிவு பண்ணிச்சு.

இன்னொரு வாதம், "எல்லாருக்கும் அந்தக் காது இருக்குமா?" இருக்கும்ங்க. ஹெட்போன்ல அடுத்த பாட்டைக் கேட்டுக்கிட்டே, ஓடுற பாட்டோட ஆதார சுரத்தை உதட்டுக்குள்ள முனகிப் பாருங்க. முனகல் ஒட்டினா ஒட்டுது, துருத்தினா துருத்துது. துருத்தினாலும் குடி முழுகிப் போகலை, சுரம் இல்லாத இடத்துல மாத்துங்க, அவ்வளவுதான். 2020-கள்ல ஸ்டெம்ஸ்னு வேற வந்தாச்சு. ஓடுற பாட்டுல குரலையும் மெட்டையும் ஒரு பட்டன்ல அணைச்சிட்டு டிரம்ஸை மட்டும் விட்டு வெக்கலாம். சுரமே இல்லாத இடத்தை நாமளே உண்டாக்கிக்கலாம். இவ்வளவு வசதி வந்த பிறகும் எண்ணைக் கட்டிக்கிட்டு அழுறவங்களை என்ன சொல்ல?

என் வரிசையைக் கேட்டா இப்படிச் சொல்வேன். முதல்ல வேகம். அடுத்தது கணக்கு, அதாவது 16, 32 பார்ங்கற கட்டம் எங்க முடியுதுன்னு தெரிஞ்சு அங்க கை வெக்கறது. 128-ல் 32 பார்னா சரியா 60 செகண்ட், கடிகாரத்தைப் பார்த்தே பழகலாம். கட்டத்துக்கு நடுவுல கொண்டு போய் பேஸை இறக்கினா எந்த உத்தமப் பொருத்தமும் காப்பாத்தாது. அப்புறம் லோ மாத்தறது. அப்புறம் கூட்டத்தோட முகம். கீ அதுக்கப்புறம், ரெண்டு மெட்டு ஒண்ணா ஒலிக்கப் போற இடத்துல மட்டும்.

எல்லா டிஜே மென்பொருள்லயும் கீ காட்டுற பத்தியை மறைச்சு வெக்க வழி இருக்கு. ஒரு மாசம் மறைச்சுட்டு வாசிங்க. ரெண்டு பாட்டு ஒண்ணா நல்லா இருந்தா ஒரு நோட்டுல ஜோடியா எழுதி வெச்சுக்கோங்க. மாசக் கடைசியில பத்தியைத் திறந்து எத்தனை ஜோடி சிவப்புன்னு எண்ணிட்டு அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வாங்க. நண்பனோட கன்ட்ரோலரை அதுவரைக்கும் நான் என் வீட்ல கொண்டு வந்து வெச்சிருக்கேன், யாரும் விலை கேக்க வேணாம்.

டிஸ்கி 1: ஜோசியத்தை நம்புறவங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிக்கவும். இங்க திட்டு வாங்கினது டிஜேக்கள் மட்டும்தான் :-)

டிஸ்கி 2: 174-ல் ஓடுற டிரம் அண்ட் பேஸை 87-ல் ஓடுற ஹிப் ஹாப்போட கோக்குறது தனி சுவாரசியம். ஆணி கம்மியா இருக்கிற இன்னொரு நாள் எழுதறேன்.